நீ பிடித்து நின்றால், உன் சகோதரன் உள்ளே வருவான்!

தியானப் பகுதி: எசேக்கியேல் 22:30, யாத்திராகமம் 17:8-13, அப்போஸ்தலர் 20:7-12



விடியற்காலையில் எழுந்து ஏ ஷிப்ட்டுக்கு ஓடுகிறவர்களையும், சி ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டே வருகிறவர்களையும், பெற்றோரையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு ஒரகடத்திலும் வல்லத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஒவ்வொருவரையும் கர்த்தர் தாமே தமது செட்டைகளின் நிழலிலே மறைத்துக் காப்பாராக!

இந்த மாதச் செய்தியில் ஒரு கபடி வீரரை உங்கள் முன்னால் நிறுத்தப்போகிறேன். "என்ன பாஸ்டர், எழுப்புதல் பத்திரிகையில கபடி ஆட்டமா?" என்று கேட்கிறவர்கள் இருப்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது ஓட்டப் பந்தயத்தைப் பற்றியும் குத்துச்சண்டையைப் பற்றியும் எழுதவில்லையா? (1 கொரிந்தியர் 9:24-27). கொரிந்து பட்டணத்துக்குப் பக்கத்திலே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் என்ற பெரிய போட்டி நடக்கும். ஜனங்கள் கண்ணால் கண்டதை எடுத்து, காணாத காரியத்தைப் போதித்தான் பவுல். நம்முடைய ஜனங்கள் கண்டது கபடி. ஊர்க் களத்திலே சடுகுடு ஆடி முழங்காலில் தோல் உரியாத ஆண்பிள்ளை நம் சபையில் எத்தனை பேர்?

இன்னொரு காரணமும் உண்டு. எழுப்புதலுக்கு ஆங்கிலத்திலே 'ரிவைவல்' என்று சொல்லுகிறோமே, அந்த வார்த்தை கபடிச் சட்டத்திலேயே இருக்கிறது! அது என்னவென்று கடைசியில் சொல்லுகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தச் செய்தி முழுவதும்.

மூலையில் நின்ற மனுஷன்

தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர் தர்மராஜ் சேரலாதன். 1975-ஆம் வருஷம் பிறந்தவர். கபடியில் பாடிப் போகிறவர்கள் உண்டு, பிடிக்கிறவர்கள் உண்டு. பாடிப் போகிறவரை இப்போது 'ரைடர்' என்கிறார்கள். சேரலாதன் பிடிக்கிறவர். அவருடைய இடம் வலது மூலை, அதாவது 'ரைட் கார்னர்'.

2014 ஜூலை 26-ஆம் தேதி புரோ கபடி லீக் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 39. அதற்கு முன்னே பல வருஷம் ஆடினவர்தான். ஆனால் வீட்டுக்கு வீடு டிவியில் ஜனங்கள் அவரைப் பார்த்தது அப்போதுதான். அந்த முதல் லீக்கில் பெங்களூரு புல்ஸ் அணியில் ஆடினார். 39 வயதில் மற்றவர்கள் காலணியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்கள். இவருக்கோ பெரிய வாசல் அப்போதுதான் திறந்தது.

2016-இல் அவர் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவர். ஜூலை 31-ஆம் தேதி ஐதராபாத்தில் இறுதி ஆட்டம். எதிரே ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ். 37-29 என்று பாட்னா ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. அப்போது தலைவருக்கு வயது 41. அதே அணியில் பாடிப் போய் அரங்கத்தையே அதிர வைத்த பர்தீப் நர்வாலுக்கு வயது 19!

அதே வருஷம் அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. இந்திய அணியில் சேரலாதனும் ஒருவர். அந்த அணி முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32-34 என்று தோற்றது. அக்டோபர் 22-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் ஈரானுக்கு எதிராக இடைவேளையின்போது 13-18 என்று பின்னால் நின்றது. ஆட்டம் முடிந்தபோதோ 38-29 என்று இந்தியா ஜெயித்திருந்தது.

அதற்கப்புறம் 2017-இல் புனேரி பல்டன், 2018-இல் யு மும்பா, 2019-இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைவர். 2021 டிசம்பரில் தொடங்கின லீக்கில் ஜெய்ப்பூர் அணிக்காக ஆடினார். அப்போது வயது 46. பின்பு 2024-இல் தமிழ் தலைவாஸ் அணியின் பயிற்சியாளர்களில் ஒருவராக, ஆட்ட வியூகத்தை வகுத்துக் கொடுக்கிற பொறுப்பை ஏற்றார்.

பிரியமானவர்களே, அவருடைய பக்தி எப்படி, அவர் யாரைக் கும்பிடுகிறவர் என்பது இங்கே பேச்சு அல்ல. சாலொமோன் சோம்பேறியை எறும்பினிடத்துக்கு அனுப்பினான். எறும்பு எந்தச் சபை என்று கேட்டா அனுப்பினான்? ஒரு மனுஷன் தன் இடத்தில் எப்படி நின்றான் என்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுவதுதான் நமக்கு வேண்டியது.

திறப்பிலே நிற்கிற ஆள்

இதே வேலை வேறு தேசங்களிலும் உண்டு. அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம்முடைய கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தை மார்போடு இறுக்கிக்கொண்டு மோதித் தள்ளி முன்னேறுகிற ஆட்டம். அதில் 'லைன்பேக்கர்' என்று ஒரு இடம். முன்வரிசைக்குப் பின்னால் நின்று, வரிசையில் எங்கே விரிசல் விழுகிறதோ அங்கே பாய்ந்து அடைக்கிறவன் அவன்.

மைக் சிங்கிள்டரி என்று ஒருவர். 1958-இல் டெக்சாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரத்திலே பத்துப் பிள்ளைகளில் பத்தாவதாகப் பிறந்தார். தகப்பனார் நம்மைப்போல ஒரு பெந்தெகொஸ்தே பிரசங்கியார். 1981 முதல் 1992 வரை பன்னிரண்டு வருஷமும் சிகாகோ பேர்ஸ் என்ற ஒரே அணி, அதே லைன்பேக்கர் இடம்! 1986 ஜனவரி 26-ஆம் தேதி அந்த அணி சூப்பர் பவுல் என்கிற இறுதிப் போட்டியை 46-10 என்று ஜெயித்தது. எதிரியின் வரிசையை வைத்த கண் வாங்காமல் பார்க்கிற அவருடைய கண்களைத்தான் ஜனங்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

இப்போது எசேக்கியேல் 22:30-ஐத் திறந்து வாசியுங்கள். அலங்கம் இடிந்து கிடக்கிறது. அந்த இடிந்த வாசலிலே நிற்க ஒரு ஆள் கிடைப்பானா என்று தேவன் தேடுகிறார். ஆயிரம் பேரைத் தேடவில்லை. மேடைப் பிரசங்கியைத் தேடவில்லை. நிற்கிறதற்கு ஒரு ஆள்! ஐயோ, அந்த ஒருவனும் அகப்படவில்லையே! இதுதான் அந்த வசனத்தின் துக்கம்.

அந்த ஆள் எப்படிப்பட்டவனாக இருக்கவேண்டும்? மூலையில் நிற்கிற அந்தக் கபடி வீரரைப் பார்த்தே நான்கு காரியம் சொல்லுகிறேன்.

1. காத்திருக்கிறவன்

ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதில் பாதிதான் ஒரு அணிக்கு. அந்தச் சின்ன இடத்துக்குள் எதிரி வந்து 30 விநாடி ஆடுகிறான். கையை நீட்டுகிறான், காலை வீசுகிறான், போகிறதுபோலத் திரும்பி மறுபடியும் பாய்கிறான். எதற்கு? மூலையில் நிற்கிறவன் பொறுமை இழந்து முன்கூட்டியே பாயவேண்டும் என்பதற்காகத்தான். அவசரப்பட்டுப் பாய்ந்தால் தொட்டுவிட்டு ஓடிவிடுவான்.

அனுபவமுள்ள வீரர் பாயமாட்டார். எதிரியின் காலைப் பார்ப்பார். கை பொய் சொல்லும், முகம் பொய் சொல்லும், பாரத்தைச் சுமக்கிற கால் பொய் சொல்லாது. அந்தக் கால் பதிகிற நேரம் வரைக்கும் காத்திருப்பார்.

வாலிபத் தம்பிமார்களே, பிசாசானவனும் இப்படித்தான் கையை வீசி வீசிக் காட்டுகிறான். "இந்த வேலையை விடு, அந்த ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டு, நாளைக்கே வெளிநாடு" என்கிறான். "போன்ல ஒரு விளையாட்டு ஆப் இருக்கு, ஆயிரம் போட்டா பத்தாயிரம்" என்கிறான். அவன் வீசுகிற கையைப் பார்த்துப் பாயாதே! மூத்தவர்களிடம் கேள், ஜெபி, இரண்டு நாள் பொறு. கர்த்தருக்குக் காத்திருக்கிறவன் வெட்கப்பட்டுப் போவதில்லை.

2. குனிகிறவன்

மூலையில் நிற்கிறவருடைய முக்கியமான பிடி கணுக்கால் பிடி. 'ஆங்கிள் ஹோல்டு' என்பார்கள். நின்றபடி அதைப் பிடிக்க முடியாது. உடம்பு முழுவதும் தரையில் விழவேண்டும். முகம் எதிரியின் காலடிக்குப் போகவேண்டும். உதை விழும், பல்லில் படும், முழங்கால் மண்ணில் தேயும்.

தேவ பிள்ளையே, குனியாமல் பிடிக்க முடியாது! முழங்காலில் நிற்காத ஊழியக்காரன் எவ்வளவு சத்தமாய்ப் பிரசங்கித்தாலும் எதிரி தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். வீட்டிலும் அப்படித்தான். "நான் ஏன் முதலில் பேசவேண்டும், அவள் வந்து பேசட்டும்" என்று நிமிர்ந்து நிற்கிற புருஷனுடைய வீட்டுக்குள் எதிரி எத்தனை தரம் வந்து போகிறான்! ஆண்டவராகிய இயேசுவே துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலடிக்குக் குனிந்தாரே. நமக்கு மட்டும் முதுகு வளையாதா?

3. பக்கத்தில் நிற்கிறவன் கையை விடாதவன்

களத்தில் ஏழு பேர். மூலையில் நிற்கிறவன் தன் பக்கத்தில் நிற்கிறவன் கையைப் பிடித்துக்கொண்டு சங்கிலியாய் நகருவான். ஏன் தெரியுமா? கணுக்காலைப் பிடித்தவன் தனியாக ரொம்ப நேரம் தாங்க முடியாது. அவன் பிடித்த அந்த நொடியிலே மற்றவர்கள் வந்து விழவேண்டும். வராவிட்டால் எதிரி அவனையும் இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். அப்புறம் பிடித்தவனே அவுட்டு! முதலில் பிடித்தவன் வீரன்தான். ஆனால் அவனைக் காப்பாற்றுகிறது இரண்டாவதாக வந்து விழுகிறவன்.

அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கை தளர்ந்ததே. ஆரோன் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் நின்று அந்தக் கைகளைத் தாங்கினார்கள். பள்ளத்தாக்கிலே யோசுவா ஜெயித்ததற்குக் காரணம் மலையின்மேல் இருந்த அந்தச் சங்கிலி. நம் சபையிலே ஒரு சகோதரி குடிகாரப் புருஷனுள்ள ஒரு வீட்டுக்கு ஆறு மாதமாய்த் தனியாய்ப் போய் ஜெபித்து வருகிறார்கள். "எனக்கே இப்ப பயமா இருக்கு பாஸ்டர், கூட யாராச்சும் வந்தா நல்லாருக்கும்" என்றார்கள். அவர்கள் கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். நாம் எங்கே நிற்கிறோம்? கைதட்டுகிற இடத்திலா?

இன்னொன்றும் கவனியுங்கள். 2016-இல் சேரலாதன் தலைவராயிருந்த அந்தப் பாட்னா அணியில் இடது மூலைக்காரர் யார்? ஈரான் தேசத்து ஃபசல் அத்ராச்சலி. பாஷை வேறு, தேசம் வேறு, சாப்பாடு வேறு. ஆனால் களத்திலே ஒரே சங்கிலி! மூன்று மாதம் கழித்து உலகக் கோப்பைக்கு இருவரும் எதிரெதிர் அணிகளில் வந்தார்கள். 2018-இல் யு மும்பாவில் மறுபடியும் ஒரே அணி.

நம் பகுதியிலே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் எவ்வளவு பேர்! தகரக் கொட்டகையில் பத்துப் பேராய்த் தங்கி உழைக்கிறார்கள். அவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை நம் ஜெபவீட்டின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் புரியாமல், அல்லேலூயாவுக்கு மட்டும் கையை உயர்த்திவிட்டுப் போகிறார்கள். "இந்திக்கார பசங்க" என்று ஒதுக்காதிருங்கள். ஒரு டம்ளர் டீ கொடுத்து, பேர் கேளுங்கள். அந்தக் கையையும் சேர்த்துப் பிடித்தால்தான் சங்கிலி முழுமையாகும்.

4. "வயசு போச்சு" என்று சொல்லாதவன்

இந்தப் பகுதியில் சகோதரர்கள் என்னிடம் சொல்லுகிற பாரம் இது: "பாஸ்டர், இங்க முப்பது தாண்டினாலே கிழவன். டிரெய்னியா இருபது வயசுப் பசங்களைத்தான் எடுக்கிறாங்க." நானும் பகலில் கம்பெனி வேலை பார்த்து, மாலையில் ஊழியம் செய்கிறவன். நாற்பதைத் தாண்டினவன். இந்தப் பாரம் எனக்குத் தெரியாததல்ல.

2014-ஐ யோசித்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் ஓடிக்கொண்டிருந்த நோக்கியா செல்போன் ஆலை அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி நின்றது. உலகத்துக்கே போன் செய்து அனுப்பின இடம் அமைதியானது. கம்பெனி பெரியது என்பதால் அஸ்திபாரம் ஆகிவிடாது என்று அன்றைக்கு இந்த ஊரே கண்டது. அதே 2014-இல்தான் 39 வயதுள்ள ஒரு மனுஷனுக்குப் பெரிய களம் திறந்தது. ஒரே வருஷத்தில் ஒரு கதவு சாத்தப்பட்டது, ஒரு கதவு திறக்கப்பட்டது. எந்தக் கதவும் நம் கையில் இல்லை. அது திறக்கும்போது நாம் நின்றுகொண்டிருக்கிறோமா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

காலேப்பைப் பாருங்கள் (யோசுவா 14:6-12). தேசத்தை வேவு பார்த்தபோது 40 வயது. மலைநாட்டைக் கேட்டபோது 85 வயது! சமபூமியில் ஒரு நல்ல வயலைக் கேட்டிருக்கலாம். ஏனாக்கியர் குடியிருந்த, அரணான பட்டணங்களுள்ள மலையைக் கேட்டான். தனக்குப் பெலன் இன்னும் இருக்கிறது என்று சொன்னான். 45 வருஷம் வனாந்தரத்திலும் யுத்தத்திலும் அவன் கற்ற பொறுமைதான் அந்தப் பெலன்.

ஓட்டம் வாலிபனுடையது. ஆனால் எந்தக் காலைப் பார்க்கவேண்டும் என்ற அறிவு, விழுந்து எழுந்தவனிடத்தில் இருக்கிறது. அதனால்தான் 19 வயதுக்காரன் பாடிப்போன அணிக்கு 41 வயதுக்காரர் தலைவராயிருந்தார். மூத்த சகோதரர்களே, சபையில் இளைஞர்களுக்கு வழி விடுங்கள், சரிதான். ஆனால் களத்தை விட்டுப் போய்விடாதிருங்கள்!

இதுதான் எழுப்புதல்!

முதலில் சொன்னேனே, அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். கபடியில் எதிரி தொட்டு அவுட்டானவன் களத்துக்கு வெளியே போய் உட்காருகிறான். அவனால் இனி ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு திறமைசாலியாய் இருந்தாலும், எவ்வளவு அழுதாலும், தானாய் எழுந்து உள்ளே வர முடியாது. அவன் உள்ளே வர ஒரே வழி, உள்ளே இருக்கிறவர்களில் ஒருவன் எதிரியைத் தொட்டோ பிடித்தோ வெளியேற்றவேண்டும். எதிரியில் ஒருவன் அவுட்டானால், நம்மில் ஒருவன் உள்ளே வரலாம். இதற்குத்தான் கபடியில் 'ரிவைவல்' என்று பேர்!

மூலையில் நிற்கிற அந்த மனுஷன் விழுந்து, உதை வாங்கி, ஒரு காலைப் பிடித்து நிறுத்தினால், வெளியே தலை குனிந்து உட்கார்ந்திருந்த அவன் சகோதரன் எழுந்து களத்துக்குள் ஓடி வருகிறான். அல்லேலூயா! எழுப்புதலைப் பற்றி இருபது வருஷமாய்க் கேட்ட பிரசங்கங்களில் இதைவிடத் தெளிவான படத்தை நான் காணவில்லை.

சட்டத்தில் இன்னும் சில உண்டு. பாடிப் போகிறவன் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஒரு புள்ளி உண்டு. ஆனால் அந்தப் புள்ளிக்காக வெளியே இருக்கிற ஒருவனும் உள்ளே வரமாட்டான். கணக்கு ஏறும், ஆள் எழும்பமாட்டான்! சபையே, புதிய ஒலிபெருக்கி வாங்கினோம், பந்தல் நிறையக் கூட்டம் வந்தது, பேர் பெற்ற பிரசங்கியார் வந்தார். ஸ்தோத்திரம்! ஆனால் வெளியே உட்கார்ந்திருந்த எந்தச் சகோதரன் உள்ளே வந்தான்? அதைக் கேட்கவேண்டும்.

உள்ளே வருகிறதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் வெளியே போனவன்தான் முதலில் உள்ளே வரவேண்டும். நாமோ போன வாரம் வராதவரைக் கேட்கிறோம். மூன்று வருஷமாய் வராதவரை மறந்தே போனோம்.

புரோ கபடியில் இன்னொரு சட்டமும் உண்டு. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது எதிரியைப் பிடித்தால், ஒன்றுக்கு இரண்டு புள்ளி. 'சூப்பர் டேக்கிள்' என்பார்கள். கொஞ்சம் பேர்தான் இருக்கிறோம் என்று சோர்ந்து போகாதிருங்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு மூன்று பேர்தான் வந்தார்களா? அந்த மூன்று பேர் பிடிக்கிற பிடிக்கு மதிப்பு அதிகம்!

நம் சபையில் நடந்ததைச் சொல்லுகிறேன். பேர் சொல்லவில்லை, அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். 38 வயதுள்ள ஒரு சகோதரர். ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரு நாள் கம்பெனியில் கார்டை வாங்கிக்கொண்டார்கள். ஊரில் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, ஏரிக்கரையில் போய் உட்கார்ந்திருப்பார். சபைக்கு வருவதும் நின்றது. மனைவி மட்டும் பிள்ளைகளோடு வந்து, "அவருக்கு உடம்பு சரியில்லை பாஸ்டர்" என்பார்கள். நான் போய்ப் பார்த்தபோது சுவரைப் பார்த்தபடி ஒரே வார்த்தை சொன்னார்: "நான் அவுட்டு பாஸ்டர்."

அதே தெருவில் நம் சகோதரர்கள் இருவர் இருந்தார்கள். வேலை வாங்கிக் கொடுக்கிற செல்வாக்கு அவர்களுக்கு இல்லை. தினமும் ஷிப்ட் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனார்கள். பிரசங்கம் பண்ணவில்லை. கூட உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஒரு சங்கீதம் வாசித்தார்கள், போனார்கள். அவர் கதவைத் திறக்காத நாளில் வாசலில் நின்று ஜெபித்துவிட்டுப் போனார்கள். ஏழு வாரம்! எட்டாவது ஞாயிறு அவர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். இன்றைக்கும் அவருக்கு நிரந்தர வேலை இல்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிறார், சில நாள் வாடகை கிடைக்கும், சில நாள் கிடைக்காது. அதை மறைத்து எழுதமாட்டேன். ஆனால் அவர் களத்துக்குள் இருக்கிறார்! இப்போது அவரே இன்னொரு வீட்டு வாசலில் போய் நிற்கிறார். இதற்குப் பேர்தான் எழுப்புதல்.

துரோவா பட்டணத்து வாலிபன் ஐத்திகுவை நினையுங்கள். பவுல் நடுராத்திரி மட்டும் பிரசங்கிக்கிறான். வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடி நித்திரை மயக்கத்தில் மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவனோ என்னவோ! நம் சி ஷிப்ட் தம்பிகள் ஞாயிறு ஆராதனையில் தூங்கி விழும்போது எனக்கு அவன் ஞாபகம்தான் வரும். பவுல், "தூங்கினவன் தானே விழுந்தான்" என்று பிரசங்கத்தைத் தொடர்ந்தானா? இல்லை. பிரசங்கத்தை நிறுத்தினான். கீழே இறங்கினான். அவன்மேல் விழுந்து அணைத்துக்கொண்டான். உயிரோடே அவனை அழைத்துக்கொண்டு வந்தார்கள். மேலே நின்று கூப்பிட்டு அவன் எழும்பவில்லை. ஒருவன் இறங்கிப் போய், குனிந்து, பிடித்தான். அவன் எழும்பினான்!

இப்போது என்ன செய்வோம்?

பிரியமானவர்களே, இந்த மாதம் மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, வெளியே உட்கார்ந்திருக்கிற ஒருவர் பேரை ஒரு காகிதத்தில் எழுதி வேதாகமத்துக்குள் வையுங்கள். ரொம்ப நாளாய் வராதவர் யாரோ, அவர் பேர் முதலில்.

இரண்டாவது, தனியாய்ப் போகாதிருங்கள். இரண்டு பேராய்ப் போங்கள். ஒருவர் பிடித்தால் மற்றவர் தாங்கட்டும்.

மூன்றாவது, போனவுடனே "ஏன் சபைக்கு வரலை?" என்று கேட்காதிருங்கள். அவுட்டானவனிடம் போய் ஏன் அவுட்டானாய் என்று கேட்டால் அவன் எழுந்து வருவானா? கூட உட்காருங்கள். வேலை போனவனுக்கு ஒரு கிலோ அரிசியும் ஒரு மணி நேரமும் கொடுங்கள். ஆவியானவர் பேசவேண்டியதைப் பேசுவார்.

இதை வாசிக்கிற நீங்களே வெளியே உட்கார்ந்திருக்கிறவராய் இருக்கலாம். மனைவியோ அம்மாவோ இந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து மேசையின்மேல் வைத்திருக்கலாம். உங்களுக்கு ஒரு வார்த்தை. கபடியில் ஏழு பேரும் அவுட்டானாலும் ஆட்டம் முடிந்துபோகாது. எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுதலாய்ப் போகும், உண்மைதான். நஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏழு பேரும் மறுபடியும் களத்துக்குள் வருவார்கள்! கடைசி விசில் ஊதுகிறவர் கர்த்தர். அவர் இன்னும் ஊதவில்லை. உங்களுக்காக உள்ளே ஒருவர் பிடித்து நிற்கிறார். சிலுவையிலே உங்களுக்காக நின்றவர் இன்றைக்கும் பிதாவின் வலது பாரிசத்திலே உங்களுக்காகப் பரிந்து பேசுகிறார். எழுந்து வாருங்கள்!

ஜெபிப்போம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, இடிந்த வாசலிலே நிற்க ஆள் தேடுகிற தேவனே, இதோ நாங்கள் நிற்கிறோம். காத்திருக்கப் பொறுமை தாரும். குனிய மனத்தாழ்மை தாரும். பக்கத்தில் நிற்கிறவன் கையை விடாத அன்பைத் தாரும். வேலையில்லாமல், வெட்கத்தால் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிற ஒவ்வொரு சகோதரனையும் சகோதரியையும் இந்த மாதத்திலே உள்ளே கொண்டுவாரும். அதற்கு எங்களை உபயோகியும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபம் கேளும் எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே. ஆமென்! அல்லேலூயா!

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்